ரேம் இருந்தும் மெமரி இல்லை

அன்புள்ள முத்து,

உன் கடிதம் வந்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். சின்னவள் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்துவிட்டாள். நான் வேண்டாம் என்று சொன்னேன், அதனாலேயே சேர்ந்திருப்பாள்.

சரி, உன் அச்சகத்துப் பழைய சர்வருக்கு வருகிறேன். 2 ஜிபி ரேம் இருந்தும் டேட்டாபேஸ் 500 எம்பி பக்கம் போனதும் மெமரி இல்லை என்று விழுகிறது என்கிறாய். புது ரேம் வாங்கிப் பணத்தைக் கரைக்காதே. அதில் ஓடுவது ஃப்ரீபிஎஸ்டி 6 என்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் 32 பிட் பதிப்பு. அதில் ஒரு புரோகிராமின் டேட்டா பகுதி 512 எம்பிக்கு மேல் வளர, சிஸ்டத்தின் மையமான கர்னலே விடாது. புரோகிராம்களுக்கு மெமரி எடுத்துக் கொடுக்கும் மாலாக்கோ, அந்தப் பதிப்பில் முழுக்க அந்தப் பகுதியிலிருந்துதான் இடம் எடுக்கும். மாலாக்கை மாற்றி எழுதியது 2008இல் வந்த 7.0இல்தான். சந்தேகமாக இருந்தால் ஷெல்லில் 'யூலிமிட் -டி' அடித்துப் பார். 524288 என்று வரும், கிலோபைட்டில்.

இதற்காகக் கர்னலைக் கம்பைல் செய்ய வேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்டா. பூட் டைரக்டரியில் இருக்கும் லோடர்.கான்ஃப் ஃபைலில் கெர்ன்.மேக்ஸ்டிசைஸ் என்று ஒரு வரி சேர்த்து, மதிப்பு 1073741824 என்று கொடு. ரீபூட் செய்தால் உச்சவரம்பு 1 ஜிபி ஆகிவிடும். ஆசைப்பட்டு இரண்டரை ஜிபி என்று மட்டும் போட்டுவிடாதே. 32 பிட்டில் ஒரு புரோகிராமுக்கு மொத்த மெமரி முகவரியே 4 ஜிபிதான், அதில் மேலே 1 ஜிபி கர்னலுக்கு. மிச்ச மூன்றில் டேட்டா பகுதிக்கு விட்ட இடம் போகத்தான் லைப்ரரிகள், எம்மேப் மூலம் மெமரியில் இணைக்கும் ஃபைல்கள், த்ரெட் ஸ்டாக் எல்லாம் உட்கார வேண்டும். அப்புறம் வேறொரு இடத்தில் மூச்சு முட்டும்.

32 பிட்டிலும் 4 ஜிபிக்கு மேல் ரேமைப் பயன்படுத்த விடும் பிஏஇ கர்னல் போட்டு 8 ஜிபி ரேம் ஏற்றலாம் என்று உன் பையன் சொன்னானாமே. ரேம் ஏறும், உண்மைதான். ஆனால் ஒரு புரோகிராமுக்குக் கிடைக்கும் முகவரி அதே 4 ஜிபிதான், உன் டேட்டாபேஸுக்கு ஒரு பைசா லாபமில்லை. போதாக்குறைக்கு அந்தப் பதிப்பின் பிஏஇ கர்னலில், தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் துண்டுகளான மாட்யூல்களே கிடையாது. 8 ஜிபி வேண்டுமென்றால் 64 பிட் மெஷினுக்குப் போய்விடு.

பையனுக்குக் கர்னல் கம்பைல் பண்ணும் ஆசை இருந்தால் தாராளமாகச் செய்யட்டும், நாமும் அப்படித்தானே கற்றுக்கொண்டோம். கர்னலின் அமைப்புகள் இருக்கும் ஜெனரிக் ஃபைலில் கை வைக்காமல் வேறு பெயரில் நகலெடுத்துத் திருத்தச் சொல். புதிய கர்னல் எழும்பவில்லை என்றால், பூட் ஆகும்போது வரும் லோடரில் 'பூட் கெர்னல்.ஓல்ட்' அடித்தால் பழையது வந்துவிடும். ஆனால் ஒன்று, தொடர்ந்து இரண்டு முறை இன்ஸ்டால் செய்தால் அந்தப் பழையதும் அழிந்துபோகும். நல்ல கர்னலைத் தனியாக ஒரு டைரக்டரியில் நகலெடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

ரீபூட் செய்தபின் யூலிமிட் என்ன காட்டுகிறது என்று எழுது. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சேகர்