ஆக்டேன் கூடினால் கன்வெர்ட்டர் பிழைக்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அதிக ஆக்டேன் பெட்ரோல் போட்டால், புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் நீண்ட நாள் உழைக்கும் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். இன்ஜின் வேலையிலேயே காலம் தள்ளும் மெக்கானிக் நான். பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆக்டேன் என்பது பெட்ரோலின் சுத்தத்தைச் சொல்லும் எண் அல்ல. இன்ஜினுக்குள் அழுத்தத்தில் தானாகப் பற்றித் தட்டும் சத்தம் (நாக்கிங்) வராமல் எவ்வளவு தாங்கும் என்ற அளவு, அவ்வளவுதான். 91 போதும் என்கிற வண்டிக்கு 95 போடுவதால் கன்வெர்ட்டருக்கு லாபம் இல்லை. 95 கேட்கிற வண்டிக்கு 91 போட்டால்தான் வம்பு. நாக்கிங்கைத் தடுக்க இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும்; எரிவது பிந்துவதால் புகை கூடுதல் சூட்டோடு வெளியேறும். முழு பாரத்தில் இப்படியே ஓட்டினால் அந்தச் சூடு கன்வெர்ட்டர் தலையில்தான் விடியும்.

கன்வெர்ட்டரைக் கொல்வது பெரும்பாலும் கலவைக் கோளாறுதான். ஒரு கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று என்ற கணக்கை ஒட்டியே அது வேலை செய்யும். புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சார் கெட்டோ இன்ஜெக்டர் ஒழுகியோ பெட்ரோல் கூடினால், எரியாத மிச்சம் அங்கே போய்ச் சேரும். சிலிண்டரில் பெட்ரோல் பற்றாமல் போகும் மிஸ்ஃபயர் இன்னும் மோசம்: பெட்ரோலும் ஆக்சிஜனும் சேர்ந்தே போய் கன்வெர்ட்டருக்குள் பற்றிக்கொள்ளும். 1000 டிகிரி செல்சியஸைத் தாண்டும் சூட்டில், கன்வெர்ட்டரின் செராமிக் தேன்கூட்டில் பூசியிருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திறன் இழக்கும். இன்னும் ஏறினால் செராமிக்கே உருகும். அப்படி உருகியதைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். தேன்கூடு போல இருக்க வேண்டிய இடத்தில் கட்டிதான் இருந்தது. செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் இதற்கான எச்சரிக்கை. அப்போதும் வேகமாக ஓட்டுகிறார்களே, அதுதான் எனக்குப் புரியவில்லை.

கன்வெர்ட்டர் திறன் குறைந்ததைச் சொல்லும் பி0420 என்ற பிழைக் குறியீடு வந்ததும் பிளக், காயில் எதையும் பார்க்காமல் புது கன்வெர்ட்டர் மாட்டுகிற பழக்கமும் இருக்கிறது. காரணம் அப்படியே இருந்தால் புதியதும் அதே வழியில்தான் போகும்.

அப்புறம், ஆக்டேன் கூட்டும் பாட்டில் மருந்துகள். ஒரு காலத்தில் இதற்காகத்தான் பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள்; கன்வெர்ட்டருக்கு அது விஷம். இன்றைய பாட்டில்கள் சிலவற்றில் உள்ள மாங்கனீசு, எரிந்தபின் கன்வெர்ட்டர் முகப்பில் படியும். லேபிளைப் படிக்காமல் ஊற்ற வேண்டாம்.

உங்கள் வாகனப் பக்கத்தில் இதைப் படத்தோடு விளக்கி ஒரு கட்டுரை போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு மெக்கானிக்