காரணம் கேட்கக் கூடாதாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மாணவர் பக்கத்தை என் பேத்திக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். ‘சைல்ட் சில்ட்ரன் ஆகும், ஃபுட் (பாதம்) ஃபீட் ஆகும். இவற்றுக்கெல்லாம் காரணம் கிடையாது, மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்’ என்று முடித்திருந்தார் பாடம் எழுதியவர். “ஏன் தாத்தா கிடையாது?” என்கிறாள் அவள்.

கிடையாமல் என்ன? சைல்டுக்கு முன்பு ‘சில்டர்’ என்றொரு பன்மை இருந்தது. அது பன்மைதான் என்பதே மறந்துபோய், ஆக்ஸின் (எருது) பன்மையான ஆக்ஸனில் வரும் அதே ‘என்’னை அதன் தலையிலும் ஏற்றிவிட்டார்கள். நாம் மட்டும் என்னவாம்? அவர் என்பதே பன்மை. போதாதென்று ‘கள்’ ஒட்டி அவர்கள் ஆக்கினோம். இக்கடிதத்தின் முதல் வரியில் தங்களுக்கும் அந்த இரட்டைப் பன்மைதான் போட்டிருக்கிறேன். ஃபுட்டின் பன்மையிலோ ஒரு காலத்தில் இகரம் உள்ள விகுதி இருந்தது. அந்த இகரம் முன்னால் நின்ற உயிரைத் தன் பக்கம் இழுத்தது. விகுதி தேய்ந்து போனது, இழுபட்ட உயிர் ஃபீட்டில் தங்கிவிட்டது. கூஸ், கீஸும் அப்படித்தான். தாங்கள் அறியாததா இது!

1968-ல், ஆறாம் வகுப்பில், “பாக்ஸுக்குப் பாக்ஸஸ், ஆக்ஸுக்கு ஏன் சார் ஆக்ஸன்?” என்று எழுந்து கேட்டேன். புறங்கையில் மர ஸ்கேல். நூறு தடவை இம்போசிஷன். நாலு கோடு நோட்டில் ஐந்து பக்கம் எருது மேய்ந்தது. பிறகு நானே 31 வருஷம் இங்கிலீஷ் எடுத்தேன். எந்தப் பிள்ளையையும் ‘காரணம் கேட்காதே’ என்று உட்காரவைத்ததில்லை.

பாடத்துக்குக் கீழேயே, பன்மை விகுதியே ஏற்காத ஃபர்னிச்சருக்கு ‘ஃபர்னிச்சர்ஸ்’ என்று விளம்பரம். சமையல் பக்கத்தில், ஏற்கெனவே பன்மையான சிப்ஸுக்கு ‘சிப்ஸ்கள்’. (சில்ட்ரனுக்கு நடந்ததுதானே என்று வக்காலத்து வாங்குவீர்களோ?) இதைப் பற்றிப் போன தீபாவளிக்கே எழுதினேன். இதழைப் பாராட்டியிருந்த முதல் வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். நன்றி.

இப்போது கேட்பது ஒரே ஒரு திருத்தம். கேட்ஸ் (பூனைகள்), டாக்ஸ் (நாய்கள்) இரண்டுக்கும் ஒரே ‘ஸ்’ போட்டிருக்கிறீர்கள். தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பார்த்தால் டாக்ஸின் கடைசி ஒலி அதிரும், கேட்ஸில் அதிராது. தமிழ் எழுத்தில் அதைக் காட்ட முடியாதுதான். அதனால்தான் ஒரு வரிக் குறிப்பு வேண்டும் என்கிறேன்.

கடிதத்தைச் சுருக்கியே ஆகவேண்டுமென்றால் சிப்ஸை எடுத்துவிடுங்கள். சில்ட்ரனை விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர்,
கும்பகோணம்