'மயக்கம்' என்றால் மயக்கம் என்றே பதியட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மருத்துவமனைகளில் நோயாளியின் விவரங்களைக் கையால் எழுதும் கேஸ் ஷீட் இருந்த இடத்துக்குக் கணினித் திரை வந்துகொண்டிருக்கிறது. கையெழுத்து புரியாத தொல்லை ஒழியும், நல்லதுதான். ஆனால், நோயாளியின் முதன்மைத் தொந்தரவை ஆங்கிலப் பட்டியலிலிருந்து மட்டுமே தேர்ந்தெடுக்கவிடும் திரைகள் ஆபத்தானவை.

எது தொந்தரவு, எத்தனை நாளாக என்பதை நோயாளியின் சொல்லிலேயே எழுத வேண்டும். மருத்துவ மாணவர்கள் வார்டில் கற்கும் முதல் பாடம் இது. 'மயக்கமா வருது' என்பவருக்குத் தலைசுற்றலாக இருக்கலாம். எழுந்து நின்றதும் கண் இருட்டலாம். நினைவு தப்பி விழுந்திருக்கலாம். வெறும் அசதியாகவும் இருக்கலாம். தலைசுற்றல் என்றால் உட்காதைச் சோதிக்க வேண்டும்; நினைவு தப்பியிருந்தால் உடனே இசிஜி. 'இழுப்பு' என்பது சிலர் வாயில் மூச்சிரைப்பு, சிலர் வாயில் வலிப்பு. 'வாயுப் பிடிப்பு' என்றதும் செரிமானக் கோளாறு என்று தட்டிவிட்டால், உள்ளே இருக்கும் மாரடைப்பு யார் கண்ணிலும் படாது. அடுத்த ஷிப்டில் வரும் மருத்துவர் படிப்பது நோயாளி சொன்னதையல்ல, முந்தையவர் தட்டியதை.

காலமும் அப்படித்தான். 'ரொம்ப நாளா' என்பவரிடம் தீபாவளிக்கு முன்பா, பொங்கலுக்குப் பிறகா என்று கேட்டால் மாதக்கணக்கு தெரிந்துவிடும்.

பழக்கங்களுக்கு 'உண்டு / இல்லை' என்ற இரு கட்டங்கள் போதாது. தினம் ஒரு குவார்ட்டர் என்றால் 180 மி.லி.; அதில் சுமார் 60 கிராம் ஆல்கஹால். சிகரெட்டுக்கு 20 என்பது ஒரு பாக்கெட் கணக்கு: தினம் 10, அதாவது அரை பாக்கெட் வீதம் 30 ஆண்டு பிடித்தவருக்கு 15 'பாக்கெட் ஆண்டு'. எண் இல்லாமல் 'உண்டு' மட்டும் இருந்தால் எப்போதாவது பிடிப்பவரும் இவரும் ஒன்றாகிவிடுவார்கள்.

'சுகர் மாத்திரை' என்று எழுதுவதும் வீண். அட்டையைப் பார்த்துப் பெயர், மில்லிகிராம், வேளை மூன்றையும் குறிக்க வேண்டும். கடையில் வாங்கிய வலி மாத்திரையையும் லேகியத்தையும் பலர் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. தனியாகக் கேட்டால்தான் சொல்வார்கள். 'அந்த ஊசி ஒத்துக்காது' என்றால் என்ன ஆனது என்று கேட்க வேண்டும். வாந்தி மட்டும் வந்திருந்தால் பெரும்பாலும் பக்கவிளைவு. தடிப்பும் மூச்சுத்திணறலும் வந்திருந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால், பென்சிலின் தேவைப்படும் நாளில் அது காரணமின்றி மறுக்கப்படும்.

மென்பொருள் வாங்கும் நிர்வாகங்கள் ஒன்றை நிபந்தனையாக்க வேண்டும்: பட்டியல் திறக்கும் முன், நோயாளி சொன்னதைத் தமிழில் தட்டச்சு செய்ய ஒரு பெட்டி. அது காலியாக இருந்தால் அடுத்த பக்கம் திறக்கக் கூடாது.

– பொது மருத்துவப் பேராசிரியர் (ஓய்வு), மதுரை