போகாத நூலுக்கு ஷிப்பிங் பில் கிடையாது

ஆசிரியருக்கு வணக்கம்.

இந்தியா - வங்கதேச வர்த்தகம் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஏற்றுமதி எவ்வளவு, இறக்குமதி எவ்வளவு என்று எல்லாம் சரியாகவே போட்டிருந்தீர்கள். ஆனால் அந்தக் கணக்கில் என்னைத் தேடிப் பார்த்தேன், காணோம். உடுமலைப்பேட்டைப் பக்கத்துச் சின்ன மில்களில் நூல் வாங்கி வெளியே அனுப்புகிற சிறு வியாபாரி நான்.

2025 ஏப்ரலில் என்ன நடந்தது என்று வாசகர்களுக்கு நினைவிருக்கும். வங்கதேசச் சரக்கு நம் துறைமுகம், விமான நிலையம் வழியாக வேறு நாடுகளுக்குப் போக 2020-ல் கொடுத்திருந்த வசதியை நாம் எடுத்துவிட்டோம். அடுத்த சில நாட்களிலேயே அவர்கள் எல்லையில் அவர்கள் பக்கம் இருக்கும் பெனாபோல் மாதிரியான தரைவழிச் சாவடிகளில் இந்திய நூல் வரக்கூடாது என்றார்கள். மே 17-ல் நாம், அவர்களுடைய ஆயத்த ஆடை இனி மும்பைப் பக்கத்து நவஷேவா, கொல்கத்தா துறைமுகங்களில் மட்டும்தான் இறங்கலாம் என்றோம். ஜூனில் சணலுக்கும் கட்டுப்பாடு. யார் செய்தது நியாயம் என்ற பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை.

பெரிய மில்காரர்களுக்கு ஏப்ரல் உத்தரவால் பெரிய அடி இல்லை. முழுக் கன்டெய்னராகத் தூத்துக்குடியில் ஏற்றி, கொழும்பு வழியாக வங்கதேசத்தின் சட்டோகிராம் துறைமுகத்துக்கு அனுப்புகிறவர்கள் அவர்கள். கடல்வழியை யாரும் மூடவில்லை. என் கதை வேறு. டாக்கா பக்கத்து நாராயண்கஞ்சில் நூல் வாங்க எனக்கு ஒரு பார்ட்டி இருந்தார், சின்ன நிட்டிங் யூனிட். ஒரு தடவைக்கு நாலைந்து டன் 30-ஆம் நம்பர் நூல் கேட்பார், நான் கொல்கத்தா குடோனில் கொஞ்சம் இருப்பு வைத்துக்கொண்டு பெனாபோலுக்கு எதிரே நம் பக்கம் இருக்கும் பெட்ராபோல் வழியாக லாரியில் தள்ளிவிடுவேன். ஒரு கன்டெய்னர் நிறைய வாங்கிப்போட அவரிடம் பணமும் கிடையாது, இடமும் கிடையாது. தரைவழி போனதும் அவர் உள்ளூர் நூலுக்கு மாறிவிட்டார். "விலை கூடத்தான் பாய், என்ன பண்றது" என்று போனில் சொன்னதோடு சரி. குடோனில் கிடந்த நூலைக் கைநட்டத்துக்குத் தள்ளினேன்.

இது அரசாங்கத்தின் எந்த ஏட்டில் பதிவாகும்? கொல்கத்தாவில் உள்ள வணிகப் புள்ளிவிவர இயக்குநரகம் மாதாமாதம் கணக்கு வெளியிடுகிறது, நல்ல வேலைதான். ஆனால் அது ஷிப்பிங் பில்லை, அதாவது சரக்கு வெளியே போகும்போது சுங்கத்தில் பதிவாகிற படிவத்தை, வைத்துப் போடுகிற கணக்கு. போன நூல் அதில் இருக்கும், போகாமல் நின்ற நூலுக்கு ஏது ஷிப்பிங் பில்? என் ஐந்து டன்னைப் பெரிய மில் ஒன்று கடல்வழியாக அனுப்பியிருந்தால், மொத்தத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரிதான் தெரியும். சரி, ஆண்டுத் தொழில் ஆய்வு இருக்கிறதே என்பார்கள். 2023-24க்கான முடிவே 2025 ஆகஸ்டில்தான் வந்தது. அதுவும் ஆலைகளுக்கானது, என்னைப் போல வாங்கி விற்கிறவனுக்கு அதில் இடமில்லை.

பிரிட்டனைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறி 2021 ஜனவரி முதல் புதிய சுங்க நடைமுறை வந்தபோது, அவர்களுடைய தேசியப் புள்ளியியல் அலுவலகம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சுமார் 39,000 நிறுவனங்களுக்குக் கேள்வி அனுப்பிக்கொண்டிருந்தது. கொரோனாவுக்காக ஆரம்பித்த ஆய்வு, அதிலேயே இதையும் சேர்த்துக் கேட்டார்கள்: ஏற்றுமதியில் என்ன சிக்கல், காகித வேலை கூடியதா, லாரி வாடகை கூடியதா, சுங்கவரியா? பதில் சொல்லாதவர்கள் நிறைய உண்டு. இருந்தாலும் கேட்டார்களே.

கேட்டால் எல்லாரும் என்னைப்போல அழுவார்கள் என்றும் இல்லை. திருப்பூரில் உள்நாட்டுக்குப் பனியன் தைக்கிற என் மச்சான், மே 17 அறிவிப்பு வந்த அன்றைக்கு எனக்குப் போன் பண்ணிச் சிரித்தார். 2011-லிருந்து வரியில்லாமல் வந்து இறங்கும் டாக்கா சட்டையோடு மல்லுக்கட்டியவர், அவருக்கு அது நல்ல செய்திதான். ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு லாபம், ஒருவருக்கு நட்டம். இதில் எது எவ்வளவு என்று யாராவது எடை போட வேண்டாமா? 2019-ல் பாகிஸ்தானோடு வியாபாரம் நின்றபோது பஞ்சாப் எல்லையில் அட்டாரி லாரிக்காரர்களும் சுமைதூக்குகிறவர்களும் பட்ட பாட்டைக்கூடத் தனியார் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றுதான் போய் விசாரித்து எழுதியது.

இதற்குப் புதிதாக ஒரு துறையோ குழுவோ வேண்டாம். ஏற்றுமதி செய்கிற ஒவ்வொருவரிடமும் ஐ.இ.சி. என்கிற ஏற்றுமதி, இறக்குமதிக் குறியீட்டு எண் இருக்கிறது, அதை ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் வருஷா வருஷம் இணையத்தில் உறுதிசெய்தே ஆகவேண்டும். அந்தப் படிவத்திலேயே நாலு கேள்வி சேர்க்கலாம். எந்த அண்டை நாட்டோடு வியாபாரம், போன வருஷம் எவ்வளவு, இப்போது எவ்வளவு, நின்றிருந்தால் ஏன்.

2025 ஜூன் கடைசியில் நானும் உட்கார்ந்து அதை முடித்தேன். ஒரே பார்ட்டியும் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. முகவரி, வங்கிக் கணக்கு, போன் நம்பர் எல்லாம் பழையதுதானா என்று கேட்டது. விவரங்களில் மாற்றம் எதுவும் இல்லை என்று கொடுத்துவிட்டு எழுந்தேன்.

இப்படிக்கு,
ஒரு நூல் வியாபாரி,
உடுமலைப்பேட்டை