பூவைத் தின்னலாமா?

அன்புள்ள தோழி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் வலி எனக்கும் உண்டு. அதைப் பற்றி இரண்டு பேரும் எழுத ஆரம்பித்தால் தாள் போதாது, விடு. மகளின் பிறந்தநாள் கேக்கில் நிஜப் பூ வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன்.

முதலில் என் மானம் போன கதையைக் கேள். மூன்று வருடங்களுக்கு முன்பு விருந்தாளிகளுக்குப் பழக்கலவை செய்து, பூக்கடையில் வாங்கிய ரோஜாவைப் பிய்த்து மேலே தூவினேன். பார்க்க அத்தனை அழகு. வந்திருந்த ஒரு குழந்தை இதழ் ஒன்றைக் கையில் எடுத்து, "இதைத் தின்னலாமா?" என்றது. எனக்கு வாயே எழவில்லை. பூச்செண்டுக்கு வளர்க்கிற பூவில் என்ன மருந்து அடித்தார்களோ, யார் கண்டது? செடிக்குள்ளேயே ஊறிப்போகும் மருந்துகளும் உண்டு, கழுவினால் போகாது. கிண்ணத்தோடு உள்ளே எடுத்துப் போய்விட்டேன். அதிலிருந்து, தின்ன முடியாத பூ எங்கள் வீட்டில் தட்டுப் பக்கமே வருவதில்லை, ஓரத்தில் சும்மா வைப்பதற்குக்கூட.

இப்போது நானே தொட்டிகளில் வளர்க்கிறேன். மருந்து கிடையாது, பூச்சி உண்டு. நஸ்டர்டியம் பூவைக் கடித்தால் சுள்ளென்று கடுகுக் காரம் ஏறும். ரோஜா இதழின் அடியில் வெள்ளையாக இருக்குமே, அது கசக்கும், கிள்ளி எறிந்துவிடு. லாவண்டரில் மட்டும் கை தாராளம் கூடாது. ஒரு சிட்டிகை கூடியதில் நான் காய்ச்சிய பாலைக் குடித்தவர்கள் சோப்பு நுரையை விழுங்கியது போல முழித்தார்கள்.

என் செல்லம் பூசணிப் பூதான். மெல்லிய நீளக் காம்பில் நிற்பது ஆண் பூ. பெண் பூவின் அடியில் குட்டிக் காய் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆண் பூவைத்தான் பறிப்பேன், அதிலும் மகரந்தத்துக்கென்று நாலைந்தை விட்டுவைப்பேன். ஒரு பூவுக்கு ஒரு காலைப் பொழுதுதான் ஆயுசு, மதியத்துக்குள் சுருங்கி மூடிக்கொள்ளும். மூடிய பூவைப் பறித்து வந்து பிரித்தபோது உள்ளே இருந்து ஒரு தேனீ கோபமாக வெளியே வந்தது! அப்புறம் விடிந்ததும் போய்விடுகிறேன். குழாயடியில் பிடித்தால் கிழியும், தண்ணீரில் அமுக்கி உதறினால் போதும். நடுத்தண்டைக் கிள்ளிவிட்டு, மசித்த உருளைக்கிழங்கை உள்ளே வைத்து, நுனியை முறுக்கி, நீர்த்த மாவில் தோய்த்துப் பொரித்துப் பார். வெளியே மொறுமொறு, உள்ளே பூ இருப்பதே தெரியாது, அவ்வளவு மென்மை.

"இந்த வயதில் பூத் தின்கிறாயாக்கும்" என்று இவர் கிண்டல் செய்தார். காலிஃபிளவர் என்ன, கிராம்பு என்ன, எல்லாம் மொட்டுத்தானே என்றேன். குங்குமப்பூ ஒரு கிலோவுக்குச் சுமார் 1,50,000 பூக்கள் வேண்டும், பூவுக்கு மூன்றே இழைதான். அதைக் கேட்டதும் டப்பாவைப் பூட்டி வைக்கச் சொன்னார்.

சரி, உன் கேக்குக்கு வருகிறேன். சங்குப்பூவும் வயோலா என்கிற சின்னப் பூவும் போதும். இரண்டுக்கும் பெரிய ருசி இல்லை, அதனால் கேக்கின் ருசியைக் கெடுக்காது. முந்தின நாளே பறித்தால் ஈரத்தாள் விரித்த டப்பாவில் மூடி, குளிர்சாதனப் பெட்டியில் வை. கிரீமின் ஈரத்தில் துவண்டுவிடும், வெட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் வைத்தால் போதும். மீந்த சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலமாக இறங்கும். அதில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறிவிடும், பிள்ளைகள் கண்ணெதிரே பிழி.

ஒன்றை மட்டும் மறக்காதே. அரளி, ஊமத்தை, செங்காந்தள் எல்லாம் விஷம். பட்டாணிப் பூவைத் தின்னலாம், ஆனால் அதே சாயலில் வாசனைக்காக வளர்க்கிற ஸ்வீட் பீ ஆகாது. சந்தேகம் வந்தால் வைக்காதே. வருகிற பிள்ளைகளில் யாருக்காவது மகரந்த ஒவ்வாமை இருக்கிறதா என்றும் முன்கூட்டியே கேட்டுக்கொள்.

கேக் வெட்டிய பிறகு பூவை யார் தின்றார்கள், யார் ஓரத்தில் ஒதுக்கினார்கள் என்று எழுது. நீ ஒதுக்குவாய் என்று இவரிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி