நரையை ஏன் ஒளிக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் உங்கள் ஆன்மிகப் பக்கத்துக்கு நேர் எதிரே அரைப் பக்கத்துக்கு ஒரு விளம்பரம் வந்திருந்தது. வயதைத் தோற்கடியுங்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே சுருக்கத்துக்கு ஒரு கிரீம், நரைக்கு ஒரு சாயம். பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு 73 வயது, கண்டனூரில் இருக்கிறேன். என் வயது எனக்கு என்ன எதிரியா, தோற்கடிக்க?

கொஞ்ச நாள் முன்னால் சொந்தத்தில் ஒரு அண்ணனுக்குச் சதாபிஷேகம் என்று திருக்கடையூர் போயிருந்தோம். எண்பது தாண்டி ஆயிரம் பிறை கண்டவருக்குச் செய்கிற சாந்தி அது. முந்தின நாள் இரவு பிள்ளைகள் அவரை உட்கார வைத்துத் தலைக்குச் சாயம் அடித்துவிட்டார்கள், போட்டோவில் நன்றாக விழுமாம். மறுநாள் காலையில் கலசத் தண்ணீரை ஒவ்வொருவராக ஊற்ற ஊற்றக் கறுப்பு கரைந்து, காதோரமாக வழிந்து, கழுத்தில் இறங்கி, தோளில் கிடந்த வெள்ளைத் துண்டெல்லாம் திட்டுத் திட்டாக ஆகிவிட்டது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. துண்டின் ஒரு முனையால் காதைத் துடைத்துக்கொண்டே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். நாங்கள் அத்தனை பேரும் அந்தத் தலையைத்தான் கும்பிட்டு ஆசி வாங்கப் போயிருந்தோம். ஆயிரம் பிறை பார்த்த தலை வெளுத்திருக்கத்தானே செய்யும்? அதை ஏன் ஒளிக்க வேண்டும்?

அதுவும் திருக்கடையூரில். மார்க்கண்டேயனுக்காகச் சிவபெருமான் காலனை உதைத்த தலம் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் ஆயுள் கேட்டு அங்கே போகிறோம். ஆனால் கதையின் பின்பாதியை யாரும் பேசுவதில்லை. காலன் விழுந்துவிட்டான், உலகத்தில் சாவே இல்லை, பிறந்தவர்கள் எல்லாம் அப்படியே இருந்துகொண்டே இருக்க, பாரம் தாங்காமல் பூமாதேவி போய் முறையிட, அதே சிவன்தான் காலனை மறுபடி எழுப்பிவிட்டார். ஆயுளைக் கொடுத்த சாமியே சாவையும் வேண்டும் என்று திருப்பி அனுப்பிய இடம் அது. அந்தச் சன்னதியில் நின்றுகொண்டு வயது தெரியக் கூடாது என்று நினைப்பது எனக்குப் பொருந்தவே இல்லை.

அறுபதும் அப்படித்தான். பிரபவ முதல் அட்சய வரை வருஷப் பெயர்கள் அறுபது, ஒரு சுற்று முடிந்தால் பிறந்த வருஷத்தின் பெயர் திரும்ப வருகிறது. 1965 சித்திரையில் விசுவாவசு வருஷம் பிறந்தவர்களுக்கு 2025 சித்திரையில் அதே விசுவாவசு வந்தது. முதல் சுற்று சம்பாதிக்க, பிள்ளை பெற, வீடு கட்ட. சரி, இரண்டாம் சுற்று எதற்கு? கையில் இருப்பதை ஒவ்வொன்றாக இறக்கி வைக்கத்தான் என்று நான் நினைக்கிறேன். இப்போது அறுபதாங் கல்யாணத்தில் மேடையும் டிரோன் கேமராவும் இருக்கின்றன, இறக்கி வைப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை.

எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் இதற்கு அறுபது வரைகூடக் காத்திருக்க மாட்டார்கள். மகனுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச காலத்தில் வேறு வைத்துவிடுவார்கள். ஒரே வளவுதான் (வீட்டின் நடு முற்றமும் சுற்றுக்கட்டும்), ஒரே வாசல்தான், ஆனால் மகனும் மருமகளும் தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பம், அடுப்பு தனி, கணக்குத் தனி. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் என்ன கல் மனசு என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐம்பது வயதிலேயே ஒரு பெண்ணுக்குக் கையை எடுத்துக்கொள்ளப் பழக்குகிற ஏற்பாடு அது. என் அப்பத்தாவைப் பார்த்திருக்கிறேன். மத்தியானத்தில் வளவில் தூண் ஓரமாகக் காலை நீட்டி உட்கார்ந்து சாமிக்குப் பூக் கட்டிக்கொண்டிருப்பார்கள். ஆத்தா, அதாவது என் அம்மா, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, குழம்புக்குப் புளி எவ்வளவு கரைக்கட்டும் என்று கேட்டால், "உன் அடுப்பு, உன் புளி" என்பார்கள், நாரிலிருந்து கண்ணை எடுக்காமலே. கோபமாக இல்லை, சிரித்த முகமாகத்தான். அந்த முகம் முழுக்கச் சுருக்கம், ஊரில் அவ்வளவு அழகான முகத்தை நான் அப்புறம் பார்க்கவில்லை.

சிவன் கோயிலுக்குப் போகிறவர்கள் அறுபத்துமூவர் வரிசையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். எல்லோரும் நின்றுகொண்டிருப்பார்கள், காரைக்கால் அம்மையார் மட்டும் உட்கார்ந்திருப்பார். எலும்பும் நரம்புமாக, வற்றிய மார்போடு. வணிகர் வீட்டுப் பெண், நல்ல அழகி. இந்தச் சதையை எடுத்துக்கொண்டு பேய் வடிவம் கொடு என்று அவராகக் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த வடிவத்தைப் பார்த்துத்தான் தாயும் தந்தையும் இல்லாத இறைவன் "அம்மையே" என்று கூப்பிட்டது. அவர் கேட்டு வாங்கியது நமக்குக் கேட்காமலே வருகிறது, வருகிறபோது நாம் கதவைச் சாத்துகிறோம்.

எனக்கும் இது சுலபமாக வந்துவிடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு 21 வருஷம் நடந்திருக்கிறேன். 66 வயதில் முட்டி விட்டுவிட்டது. காவடிகள் கிளம்புகிற அன்று வீட்டில் கிடந்து அழுதேன், முருகன் என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டான் என்றுதான் பட்டது. அப்போது பக்கத்து வீட்டு ஆச்சி வந்து உட்கார்ந்து அப்பர் கயிலைக்குப் போன கதையைச் சொன்னார். தெரிந்த கதைதான். தள்ளாத வயதில் நடக்கிறார், பாதம் தேய்ந்து போகிறது, கையால் ஊன்றிப் போகிறார், கையும் போகிறது, மார்பால் நகர்கிறார், கடைசியில் புரண்டு புரண்டு போய் அதுவும் முடியாமல் கிடக்கிறார். இறைவன் அவரைக் கயிலை மலைக்குத் தூக்கிக்கொண்டு போகவில்லை. அவர் கிடந்த இடத்தில் ஒரு பொய்கையில் மூழ்கச் சொல்லித் திருவையாற்றில் எழ வைத்து, அங்கேயே கயிலைக் காட்சி கொடுத்தார். அத்தனை தடவை கேட்டும் அந்தக் கதை எனக்குள் இறங்கியது அன்றைக்குத்தான், முட்டி போன பிறகுதான்.

அடுத்த தைப்பூசத்திலிருந்து குன்றக்குடியில் சாலை ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு, விடிகாலையில் நடக்கிறவர்களுக்குச் சுக்குக் காபி ஊற்றிக் கொடுக்கிறேன். நடந்த வருஷங்களில் முன்னால் போகிறவர் முதுகைத்தான் பார்த்தேன், இப்போது ஒவ்வொருவர் முகத்தையும் பார்க்கிறேன்.

மருந்து வேண்டாம், விதி என்று கிட என்று நான் சொல்லவில்லை. கண்ணில் புரை எடுத்துக்கொண்டேன், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறேன், வலிக்கிறபோது டாக்டரிடம் போகாமல் இருப்பது பக்தி ஆகாது. இந்தப் பெரிய பெரிய வீடுகளில் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் பெங்களூரிலும் இருக்க, இரண்டு கிழவர்கள் மட்டும் விளக்கேற்றிக்கொண்டு இருக்கிறார்களே, அவர்களிடம் போய் எல்லாம் அவன் செயல் என்று வாயால் சொல்லிவிட்டு வருவதும் சரியில்லை, போனால் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேச வேண்டும். தனிமை வேறு, மூப்பு வேறு. தனிமைக்கு நாம் ஏதாவது செய்ய முடியும்.

விளம்பரத்தை நிறுத்துங்கள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை, பத்திரிகை நடத்தக் காசு வேண்டும். அந்த ஆன்மிகப் பக்கத்தில் ராசிபலனைக் கொஞ்சம் சுருக்கிவிட்டு, வாரம் ஒருவர், எண்பது தாண்டியவர், அவர் காலையில் எழுந்து என்ன செய்கிறார், யாரைக் கும்பிடுகிறார், எதையெல்லாம் விட்டார், எதை விட முடியவில்லை என்று அவர் வாயாலேயே கேட்டுப் போடுங்கள். படமும் போடுங்கள், சுருக்கத்தை அழிக்காமல். முதல் ஆளாகத் திருக்கடையூர் அண்ணனையே கேட்கலாம். போன வாரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், சாயமெல்லாம் போய்விட்டது, தலை பஞ்சாக வெளுத்திருக்கிறது, நன்றாக இருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கண்டனூர், சிவகங்கை மாவட்டம்.