கையெழுத்து கிளை மேலாளருடையது, முடிவு யாருடையது?

சூப்பர் மார்க்கெட் கிளைகள் நடத்தும் முதலாளிகளுக்கும், தலைமை அலுவலகத்தில் ஆபரேஷன்ஸ் பார்க்கும் பெரியவர்களுக்கும்,

வணக்கம்.

தமிழ்நாட்டில் பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு மளிகைக் கடை நிறுவனத்தில் பில்லிங் கவுண்டரில் சேர்ந்து, சூப்பர்வைசர், துணை மேலாளர் என்று ஏறி, இப்போது கிளை மேலாளராக இருக்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். வேறு நிறுவனங்களில் இருக்கும் நண்பர்களிடம் பேசினாலும் பெயர்ப் பலகை மட்டும்தான் மாறுகிறது, கதை மாறுவதில்லை. சம்பள உயர்வு கேட்டு இதை எழுதவில்லை (அதைத் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்). கடைக்குள் யார் எதற்குப் பொறுப்பு, யார் எதை முடிவு செய்யலாம் என்று நீங்கள் பிரித்து வைத்திருக்கும் விதத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

காகிதத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. கிளை மேலாளர், அவருக்குக் கீழே துணை மேலாளர், தளத்துக்கு ஒரு ஃப்ளோர் இன்சார்ஜ், பில்லிங்குக்கு ஹெட் கேஷியர், வரும் சரக்கை எண்ணி இன்வேர்டு (வரவுப் பதிவு) போட குடோன் இன்சார்ஜ், காய்கறிக்குத் தனி ஆள். மேலே ஏரியா மேனேஜர். அவருக்கும் மேலே கொள்முதல், விலை, மனிதவளம் என்று துறை துறையாக ஆட்கள். வேலையில் சேரும்போது தரும் பணி விவரத் தாளின் கடைசி வரி மட்டும் எல்லோருக்கும் ஒன்றே: நிர்வாகம் அவ்வப்போது தரும் பிற வேலைகள். கடையில் நடப்பது பெரும்பாலும் அந்தக் கடைசி வரிதான்.

மாதத்தின் முதல் வாரத்தில், சம்பளம் வாங்கிய குடும்பங்கள் மாத மளிகைக்கு வரும்போது ஒரு நாள் வந்து பாருங்கள். மேலாளர் பில் போடுவார். துணை மேலாளர் அரிசி மூட்டையை டிராலியில் ஏற்றுவார். குடோன் இன்சார்ஜ் சர்க்கரை பொட்டலம் அடுக்குவார். அதில் தவறே இல்லை, கூட்ட நேரத்தில் கை கொடுக்காதவர் கடை வேலைக்கே லாயக்கில்லை. ஆனால் அதே நேரத்தில் பின்வாசலில் ஒரு வண்டி வந்து நிற்கிறது. சரக்கை எண்ணி வாங்க வேண்டியவர் உள்ளே சர்க்கரை அடுக்கிக்கொண்டிருக்கிறார். ஓட்டுநருக்கு அடுத்த கடைக்குப் போகிற அவசரம். பக்கத்தில் நின்ற பையன் இன்வாய்ஸில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறான். அப்புறம் ஸ்டாக் எடுக்கும்போது இரண்டு பெட்டி எண்ணெய் குறைகிறது. அது கடைக்குள் வந்ததா, வந்து போனதா என்று யாராலும் சொல்ல முடியாது. திருட்டு என்று எழுதிக்கொள்கிறோம்.

கீழே ஆட்கள் கலந்துபோவது இப்படி என்றால், மேலே முடிவுகள் ஒரே இடத்தில் இறுகிப்போயிருக்கின்றன. காய்கறியைப் பாருங்கள். கோயம்பேட்டிலோ ஒட்டன்சத்திரத்திலோ ஏற்றிய தக்காளி காலையில் கடைக்கு வந்துவிடுகிறது. வெயில் காலத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கு அது என்ன நிலையில் இருக்கிறது என்று அந்தத் தட்டின் முன்னால் நிற்கும் அக்காவுக்குத் தெரியும், தலைமை அலுவலகத்துக் கணினிக்குத் தெரியாது. கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்தால் எட்டு மணிக்குள் தட்டு காலியாகிவிடும். குறைக்க அந்த அக்காவுக்கு அனுமதி இல்லை, எனக்கும் இல்லை. நான் ஏரியா மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்ப வேண்டும், அவர் கொள்முதல் துறைக்கு அனுப்ப வேண்டும், அவர்கள் விலையை மாற்றுகிறவரிடம் சொல்ல வேண்டும். ஒப்புதல் மறுநாள் பதினொரு மணிக்கு வரும். அதற்குள் தக்காளி குப்பை வண்டியில் போயிருக்கும். வேஸ்டேஜ் ஏன் கூடியது என்று கேட்கும் மின்னஞ்சல் மட்டும் எந்தத் துறையையும் சுற்றாமல் நேராக எனக்கு வரும்.

தக்காளியால் போவது பணம் மட்டும். குளிர்பெட்டி விஷயம் அப்படி இல்லை, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டத்தில் 66-ஆவது பிரிவு, நிறுவனங்கள் செய்யும் குற்றங்களைப் பற்றியது. பல கிளைகள் உள்ள நிறுவனம், ஒவ்வொரு கிளைக்கும் அதன் தலைவரையோ பொறுப்பாளரையோ உணவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவராக நியமிக்கலாம். நியமித்துவிட்டால் அந்தக் கிளையில் நடக்கும் மீறலுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதற்கான தாள்தான் படிவம் 9. மேலாளராகச் சேர்ந்த வாரத்தில் கட்டுக்கட்டாகக் கையெழுத்து வாங்கும்போது இதையும் சேர்த்து நீட்டுகிறார்கள். பி.எஃப். தாளுக்கும் சீருடை அளவுத் தாளுக்கும் நடுவில் இருந்தால் யார் நின்று படிப்பார்கள்? பாதுகாப்பற்ற உணவை விற்றதாக வழக்கு வந்தால் அந்தச் சட்டத்தில் சிறை வரை இடம் இருக்கிறது.

நான் சட்டத்தைக் குறை சொல்லவில்லை. கடையில் நிற்பவரைப் பொறுப்பாக்குவது நல்ல யோசனைதான். ஆனால் பொறுப்பைத் தந்தால் அதற்கேற்ற அதிகாரத்தையும் தர வேண்டாமா? உறைபொருள் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்குக் கம்ப்ரசர் நின்றால் நான் செய்ய முடிந்தது கணினியில் ஒரு புகார் போடுவது. பக்கத்துத் தெரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு 1,500 ரூபாய் கொடுக்க வேண்டுமென்றால் மேலே கேட்க வேண்டும். மேலே இருப்பவர் அந்நேரம் தூங்கியிருப்பார், அவரும் மனிதர்தானே. உள்ளே இருக்கும் பன்னீரையும் ஐஸ்கிரீமையும் எடுத்து டேமேஜில் எழுதினால் கிளையின் டேமேஜ் சதவீதம் ஏறி, எனக்கும் என் கீழே இருப்பவர்களுக்கும் இன்சென்டிவ் போகும். எழுதாமல் விட்டால் உணவுப் பாதுகாப்பு அலுவலர் முன்னால் நிற்கப்போவது நான். இரண்டு பக்கமும் அடைத்துவிட்டு, பயிற்சி வகுப்பில் 'ஓனர்ஷிப் எடுத்துக்கோங்க' என்கிறீர்கள்.

சரக்குக் குறைவுக்குச் சம்பளத்தில் பிடிக்கும் பழக்கமும் இதே கோளாறிலிருந்து வருவதுதான். ஷார்டேஜ் தொகையைக் கிளையில் இருக்கும் எல்லோர் தலையிலும் சமமாகப் போடும் கடைகள் இருக்கின்றன. 1936-ன் ஊதியம் வழங்கல் சட்டமும், அதன் இடத்துக்கு வந்த 2019-ன் ஊதியச் சட்டத் தொகுப்பும் இதில் தெளிவாக இருக்கின்றன. ஒருவரிடம் குறிப்பாக ஒப்படைத்த பொருள், அவருடைய கவனக்குறைவால் நேரடியாகக் காணாமல் போனால்தான் அவரிடம் பிடிக்கலாம், அதுவும் அவர் பதிலைக் கேட்ட பிறகு. நாலு பேரிடம் சாவி இருக்கும் குடோன் யாரிடம் ஒப்படைக்கப்பட்டது? பின்வாசல் கையெழுத்தைக் கூட்ட நேரத்தில் யாரும் போடலாம் என்று விட்டுவிட்டு, ஸ்டாக் எடுக்கும் நாளில் மட்டும் பொறுப்பாளரைத் தேடினால் எப்படி?

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன். மேலே உள்ளவர்கள் எங்களிடம் எதையும் விடுவதில்லை என்று புலம்பும் மேலாளர்களில் பலர், தங்கள் துணை மேலாளரிடமும் எதையும் விடுவதில்லை. பில்லை ரத்து செய்ய மேலாளர் கார்டு வேண்டும். மேலாளர் குடோனில் இருப்பார், கவுண்டரில் வரிசை நீளும், வாடிக்கையாளர் கத்துவார். என்ன நடக்கிறது தெரியுமா? அந்த கார்டு கவுண்டர் பக்கத்தில் ஓர் ஆணியில் நிரந்தரமாகத் தொங்குகிறது. எல்லோரும் அதைத் தேய்க்கிறார்கள். ரிப்போர்ட்டில் எல்லா ரத்தும் மேலாளர் செய்ததாக விழுகிறது. கட்டுப்பாடு வேண்டுமென்று ஒருவர் கையில் குவித்தது, கடைசியில் யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லை. ஹெட் கேஷியருக்கே 500 ரூபாய் வரை ரத்து செய்யும் உரிமையை அவர் பெயரிலேயே கொடுத்திருந்தால், எந்தக் கவுண்டரில் ஏன் அதிகம் ரத்தாகிறது என்று தெரிந்திருக்கும்.

துணை மேலாளர் பதவி இன்னும் பரிதாபம். மேலாளர் இல்லாத நேரத்துக்கு மேலாளர், இருக்கும் நேரத்தில் இன்னொரு சூப்பர்வைசர். அவருக்கென்று ஒரு துறை கிடையாது. ஷிஃப்ட் அட்டவணை, வார விடுமுறை, புதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி, இவ்வளவையும் முழுதாக அவரிடம் கொடுங்கள் என்பது என் கருத்து. மேலாளர் சரக்கையும் கணக்கையும் பார்க்கட்டும். தங்கள் பொருளை எடுத்துச் சொல்லி விற்க பிராண்ட் கம்பெனிகள் அனுப்பி, ரேக் முன்னால் நிற்கும் பிரமோட்டர்களும் துணை மேலாளர் கணக்கில் வரட்டும். இப்போது அவர்கள் பிராண்ட் சொல்வதைக் கேட்பதா, ஃப்ளோர் இன்சார்ஜ் சொல்வதைக் கேட்பதா என்று தெரியாமல் திண்டாடுகிறார்கள்.

உட்காரும் உரிமையும் இப்படி நடுவில் மாட்டிக்கொண்ட ஒன்றுதான். 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்து, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றார்கள். கேரளம் 2018-லேயே செய்துவிட்டது. ஸ்டூல் வந்தது. ஏரியா மேனேஜர் கேமராவில் பார்த்து 'ஏன் உட்கார்ந்திருக்கு அந்தப் பொண்ணு?' என்று ஃப்ளோர் இன்சார்ஜுக்குப் போன் போட்டார். அதன்பின் ஸ்டூல் குடோனுக்குப் போனது. யார் எப்போது உட்காரலாம் என்று முடிவு செய்வது தளத்தில் நிற்பவர் வேலையா, கேமராவில் பார்ப்பவர் வேலையா?

1947-ல் வந்த அதே கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 4-ஆவது பிரிவு ஒன்று இருக்கிறது. நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது அது. அதாவது நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பும், கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளமும் எங்களுக்கு இல்லை. இதனாலேயே சிலருக்கு 'அசிஸ்டன்ட் மேனேஜர்' பட்டம் சீக்கிரம் கிடைத்துவிடுகிறது என்பது என் சந்தேகம். பதவிப் பெயரைப் பார்க்காதே, செய்யும் வேலையைப் பார் என்று நம் நீதிமன்றங்கள் பல வழக்குகளில் சொல்லியிருக்கின்றன. 2019-ல் 10 பேருக்குக் குறையாத கடைகளை 24 மணி நேரமும் திறக்க அனுமதித்த அரசாணையோ, ஊழியரைக் கணக்கில் காட்டாமல் கூடுதல் நேரம் வைத்திருந்தால் முதலாளி மீதோ மேலாளர் மீதோ நடவடிக்கை என்கிறது. தன் நேரத்துக்குப் பாதுகாப்பு இல்லாதவர் மற்றவர் நேரத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். இரவு ஷிஃப்டுக்கு எத்தனை பேர் என்பதை முடிவு செய்வதோ தலைமை அலுவலகம்.

அமெரிக்காவில் ஃபேமிலி டாலர் என்ற கடை நிறுவனத்துக்கு இந்த விஷயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே 1,424 கடை மேலாளர்கள் வழக்குப் போட்டார்கள். வாரத்துக்கு 60, 70 மணி நேரம் வேலை, கூடுதல் நேரத்துக்குக் காசு கிடையாது, காரணம் அவர்கள் 'மேலாளர்கள்'. வேலையோ வண்டியிலிருந்து சரக்கு இறக்குவது, அடுக்குவது, பில் போடுவது, பெருக்குவது. உண்மையான முடிவுகள் மாவட்ட மேலாளர் கையில். இவர்கள் பெயரளவில்தான் நிர்வாகிகள் என்று ஜூரி தீர்ப்பளித்தது. 2008-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நிறுவனம் கட்ட வேண்டிய தொகை 3.5 கோடி டாலருக்கு மேல். நம் சட்டம் வேறு, அந்தத் தீர்ப்பு இங்கே செல்லாது. ஆனால் அந்த மாவட்ட மேலாளரும் நம் ஏரியா மேனேஜரும் அண்ணன் தம்பி மாதிரிதான் தெரிகிறார்கள்.

அதே நாட்டில் வால்மார்ட்டை நிறுவிய சாம் வால்டன், 'கடைக்குள் கடை' என்று ஒரு முறை வைத்திருந்தார். ஒரு பிரிவைப் பார்க்கும் ஊழியருக்கு அந்தப் பிரிவின் கொள்முதல் விலை, போக்குவரத்துச் செலவு, லாப விகிதம் எல்லாவற்றையும் காட்டினார். அந்த நிறுவனத்தைக் குறை சொல்ல வேறு காரணங்கள் நிறைய உண்டு, இதில் இல்லை. என் காய்கறி அக்காவுக்குத் தக்காளி என்ன விலைக்கு வந்தது என்று இன்றுவரை தெரியாது. தெரிந்தால் கிலோவுக்கு எட்டு ரூபாய் குறைப்பதா பதினைந்து குறைப்பதா என்று என்னைவிடச் சரியாகச் சொல்வார்.

அதிகாரத்தைக் கீழே கொடுத்தால் திருடுவார்கள் என்ற பயம் உங்களுக்கு இருக்கும். நியாயமான பயம், நானும் பார்த்திருக்கிறேன். தொகைக்கு வரம்பு வையுங்கள், பெயரோடு பதிவாகட்டும், வாரத்துக்கு ஒருமுறை ஏரியா மேனேஜர் கேள்வி கேட்கட்டும். முன்கூட்டியே அனுமதி கேட்க வைப்பதைவிட, செய்த பிறகு கணக்குக் கேட்பதற்குத்தான் அவரைப் போன்ற அனுபவசாலிகள் பயன்படுவார்கள்.

இதையெல்லாம் எல்லாக் கிளையிலும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. ஒரு கிளையில், தீபாவளிக் கூட்டம் தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்னால் தொடங்குங்கள். காய்கறி விலையைக் குறைக்கும் உரிமை அந்தப் பிரிவுக்காரரிடம் இருக்கட்டும். குளிர்பெட்டிப் பழுதுக்கு 3,000 ரூபாய் வரை மேலாளர் கேட்காமல் செலவழிக்கட்டும், அந்தப் பழுதால் வரும் டேமேஜை இன்சென்டிவ் கணக்கில் சேர்க்காதீர்கள். வண்டி நிற்கும் நேரத்தில் குடோன் இன்சார்ஜை வேறு எதற்கும் கூப்பிடக்கூடாது என்று எழுத்தில் சொல்லுங்கள், நான் கூப்பிட்டாலும் அவர் வர வேண்டாம்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டுமென்றால், முதலில் ஒன்றை மட்டும் செய்யுங்கள். புதிதாக வரும் கிளை மேலாளரிடம் படிவம் 9-ல் கையெழுத்து வாங்கும் அதே மேசையில், எந்தத் தொகை வரை, எந்தெந்த முடிவை, யாரையும் கேட்காமல் அவர் எடுக்கலாம் என்று எழுதி நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒரு தாளையும் கொடுங்கள். ஒரு பக்கம் போதும். என்னைப் போல ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களுக்கு அதை மின்னஞ்சலில் அனுப்பினாலும் சரி.

இப்படிக்கு,
ஒரு கிளை மேலாளர்